கேஸ் பாதுகாப்பைக் கவனிக்காத வீட்டுக்காரர்: எச்எஸ்இயா, கவுன்சிலா, கோர்ட்டா?

லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ வெம்பிளியிலோ டூட்டிங்கிலோ நம்மவர்கள் வீடு பார்க்கப் போனால் வாடகை, டெபாசிட், கவுன்சில் டாக்ஸ், ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று எல்லாம் விசாரிப்பார்கள். கேஸ் சேஃப்டி சர்டிபிகேட்டைக் காட்டுங்கள் என்று கேட்பவர்கள் குறைவு. வீட்டுக்காரர் ஊர்க்காரராகவோ கோயிலில் பார்த்துப் பழகியவராகவோ இருந்துவிட்டால் கேட்கவே கூச்சம். ஆனால் பழுதான பாய்லரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். அதனால்தான் இந்த நாட்டுச் சட்டம் இந்த ஒரு விஷயத்தில் வீட்டுக்காரருக்கு விட்டுக்கொடுப்பதே இல்லை.

1998ஆம் ஆண்டின் கேஸ் பாதுகாப்பு விதிமுறைகளில் 36ஆம் விதி சொல்வது இது. வீட்டுக்காரர் வைத்திருக்கும் ஒவ்வொரு கேஸ் சாதனத்தையும் அதன் புகைக்குழாயையும் 12 மாதத்துக்கு ஒருமுறை, கேஸ் வேலைக்குத் தகுதி பெற்றவர்களின் பட்டியலான கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில் பதிவான இன்ஜினியரை வைத்துச் சோதிக்க வேண்டும். சோதனை முடிந்த 28 நாளுக்குள் அதன் பதிவை வாடகைக்கு இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். புதிதாக வருபவருக்கு அவர் குடிவருவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். இந்தச் சோதனை தவிர, சாதனங்களையும் குழாய்களையும் எப்போதும் பாதுகாப்பான நிலையில் பராமரிக்கும் கடமை தனியாக இருக்கிறது. காருக்கு எம்ஓடி என்ற வருடாந்தரச் சோதனை எடுத்துவிட்டால் சர்வீஸ் செய்ததாக ஆகாது, இதுவும் அப்படித்தான். நீங்களே வாங்கி வைத்த குக்கருக்கு வீட்டுக்காரர் பொறுப்பில்லை. ஆனால் அதற்குக் கேஸ் வரும் குழாய் அவர் பொறுப்பு.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, வாடகையை ரொக்கமாகக் கொடுக்கிறோம், வீட்டில் ஒரு ரூம் மட்டும்தான் எடுத்திருக்கிறோம் என்றாலும் இந்த விதி பொருந்தும். நமக்கு இதெல்லாம் கிடைக்காது என்று நினைத்துப் பேசாமல் இருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சரி, வீட்டுக்காரர் செய்யவில்லை. நமக்கு என்னென்ன வழிகள் உண்டு, எதை எப்போது எடுப்பது? பலரும் இதைப் படிக்கட்டாக நினைக்கிறார்கள்: முதலில் கெஞ்சுவது, அப்புறம் கடிதம், அப்புறம் கவுன்சில், கடைசியில் கோர்ட். நான் அப்படிப் பார்ப்பதில்லை. ஆபத்து இப்போதே இருக்கிறதா, சோதனை மட்டும் நடக்காமல் இருக்கிறதா, இல்லை பழுது தெரிந்தும் சரிசெய்யாமல் இருக்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான் வழி மாறும்.

ஆபத்து இப்போதே இருந்தால் ஒப்பிட ஒன்றுமில்லை

கேஸ் வாடை வந்தாலோ, கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலோ கேஸ் அவசர சேவையின் 0800 111 999 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம். கூப்பிடுவதற்கு முன் ஜன்னல் கதவுகளைத் திறந்துவிடுங்கள். லைட் சுவிட்சைத் தொடாதீர்கள், தீக்குச்சி வேண்டாம். மீட்டர் பக்கத்தில் உள்ள கைப்பிடியைத் திருப்பிக் கேஸை நிறுத்துங்கள். மீட்டர் நிலவறையில் இருந்தால் அங்கே இறங்க வேண்டாம். வெளியே வந்து போன் செய்யுங்கள்.

அலாரம் இல்லாத வீட்டில் உடம்புதான் முதலில் சொல்லும். காய்ச்சல் இல்லாமல் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அசதி. வெளியே போனால் தெளிகிறது, வீட்டுக்கு வந்தால் திரும்புகிறது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வருகிறது. இப்படி இருந்தால் குளிர்கால ஃபுளூ என்று விட்டுவிடாமல் வெளியே வந்து டாக்டரிடம் கார்பன் மோனாக்சைடு சந்தேகம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நீலமாக எரிய வேண்டிய சுவாலை மஞ்சளாக எரிவது, சாதனத்தைச் சுற்றிக் கரி படிவது, பைலட் என்ற சின்னச் சுவாலை அடிக்கடி அணைவது ஆகியவையும் அறிகுறிகள்.

இந்த எண்ணைக் கூப்பிடத் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. வருபவர்கள் கசிவை நிறுத்துவார்கள், தேவைப்பட்டால் கேஸையே அடைத்துவிட்டுப் போவார்கள். பாய்லரைப் பழுதுபார்க்க மாட்டார்கள். ஜனவரிக் குளிரில் சின்னப் பிள்ளைகளோடு ஹீட்டிங்கும் சுடுதண்ணீரும் இல்லாமல் நிற்க வேண்டுமே என்ற பயம் நியாயமானது. அப்படியிருந்தும் கூப்பிடத்தான் வேண்டும். ஹீட்டிங் போன நிமிடத்திலிருந்து அதைச் சரிசெய்வது வீட்டுக்காரரின் அவசரக் கடமையாகிறது. எலக்ட்ரிக் ஹீட்டர் ஒன்றை உடனே கொடுங்கள் என்று கேட்கலாம். நல்ல ஏஜென்ட் கொடுத்துவிடுவார்.

எழுதிக் கேட்பது

எந்த வழிக்குப் போனாலும் எழுத்தில் ஒரு தடயம் வேண்டும். போனில் பத்து முறை சொன்னதை நிரூபிக்க முடியாது. ஈமெயிலோ வாட்ஸ்அப்போ போதும். கடைசியாக எப்போது சோதனை நடந்தது, பதிவின் பிரதியை எப்போது அனுப்புவீர்கள் என்று தேதி போட்டுக் கேளுங்கள். என் கணக்கில் ஏழு நாள் அவகாசம் தாராளம். சர்டிபிகேட் இருக்கிற வீட்டுக்காரர் அதைப் போட்டோ எடுத்து அனுப்ப அரை நிமிடம் ஆகும்.

அந்தக் கடிதத்தில் இன்னொரு வரி கட்டாயம் இருக்கட்டும்: இன்ஜினியர் வர எந்தெந்த நாள், எந்த நேரம் வசதி என்று. ஏனென்றால், சோதனை நடக்காமல் போனதற்கு வீட்டுக்காரர்கள் சொல்லும் சாக்கு, வாடகைக்கு இருப்பவர் உள்ளே விடவில்லை என்பதுதான். நியாயமான எல்லா முயற்சியும் எடுத்ததாக அவர் காட்டினால் சட்டத்திலிருந்து தப்பிக்க இடமுண்டு. நீங்கள் தேதி கொடுத்த செய்தி இருந்தால் அந்த வாசல் அடைபடும்.

சர்டிபிகேட் வந்தால் அதையும் வாசியுங்கள். எல்லாச் சாதனமும் அதில் இருக்கிறதா? இன்ஜினியரின் பதிவெண் கேஸ் சேஃப் ரெஜிஸ்டரின் இணையதளத்தில் சரியாக வருகிறதா? நேரில் வரும் இன்ஜினியரிடம் அடையாள அட்டையைக் கேட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். எந்த வகை வேலைக்கு அவருக்குத் தகுதி உண்டு என்று அங்கேதான் இருக்கும். பாய்லர் போடத் தெரிந்தவர்தான் என்று யாராவது அழைத்து வரும் ஆளுக்கு இந்த அட்டை இல்லையென்றால் கேஸில் கைவைக்க விடாதீர்கள். அது அவருக்கும் குற்றம்.

எச்எஸ்இயும் கவுன்சிலும்: எது எதற்கு?

குழப்பம் அதிகம் இங்கேதான். இரண்டும் அரசு, இரண்டும் இலவசம். ஆனால் இரண்டும் பார்ப்பது வெவ்வேறு விஷயத்தை.

எச்எஸ்இ என்பது வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் தேசிய அமைப்பு. வாடகை வீடுகளின் கேஸ் விதியை அமல்படுத்துவதும் அதுதான். வீட்டுக்காரர் வருடாந்தரச் சோதனை செய்யவில்லை என்று புகார் கொடுக்க அதன் இணையதளத்தில் தனிப் படிவம் இருக்கிறது. இது குற்றவியல் சட்டம். நீங்கள் வழக்காளி அல்ல, தகவல் கொடுப்பவர் மட்டும். செலவில்லை, வக்கீல் வேண்டாம், வீட்டில் எதுவும் உடைந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. சோதனை நடக்கவில்லை என்பதே போதும். வழக்கு வரை போனால் வரம்பில்லாத அபராதம், சிறைத் தண்டனைகூட உண்டு. அதனாலேயே எச்எஸ்இயிடமிருந்து ஒரு கடிதம் போனால் பல மாதம் தூங்கிய வீட்டுக்காரர் அடுத்த வாரமே இன்ஜினியரை அனுப்புவதுண்டு.

அதன் குறை என்ன? பாய்லர் சூடாக்குகிறதா, ரேடியேட்டர் வேலை செய்கிறதா என்பது எச்எஸ்இயின் கவலை இல்லை. நஷ்டஈடு வாங்கித் தராது. வழக்கு வரை போவது சில நேரங்களில் மட்டும்தான். போனாலும் மெதுவாக நகரும். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்கலாம். ஆனால் ஒரே குடும்பம் இருக்கும் வீட்டில் யார் சொன்னது என்று வீட்டுக்காரருக்குத் தெரியாமலா போகும்?

கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு வேறு கண்ணோட்டத்தில் வரும். 2004ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டப்படி வீட்டில் 29 வகை ஆபத்துகளை அளவிடுவார்கள். கார்பன் மோனாக்சைடு, கேஸ் கசிவு, கடுங்குளிர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. முதல் வகை, அதாவது மிகக் கடுமையான ஆபத்து என்று கண்டால் நடவடிக்கை எடுப்பது கவுன்சிலின் கடமையாகிவிடும். மனமிருந்தால் செய்யலாம் என்பதல்ல. சீரமைப்பு நோட்டீஸ் கொடுக்கலாம். உடனடி ஆபத்து என்றால் தாங்களே ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டு வீட்டுக்காரரிடம் பணத்தை வசூலிக்கலாம். சாதாரண நோட்டீஸ் என்றால் 28 நாள் கழித்துத்தான் வேலையைத் தொடங்கச் சொல்ல முடியும். ஆகவே புகார் சொல்லும்போது எவ்வளவு அவசரம், வீட்டில் குழந்தையோ வயதானவரோ இருக்கிறார்களா என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேளுங்கள்.

கவுன்சிலின் பெரிய பலம் லைசென்ஸ். நியூஹாம் கவுன்சில் 2013இல் தன் எல்லை முழுவதும் தனியார் வாடகை வீடுகளுக்கு லைசென்ஸ் கொண்டுவந்தது. லண்டனில் வேறு பல கவுன்சில்களிலும் ஏதோ ஒரு வகை லைசென்ஸ் திட்டம் இருக்கிறது. ஒரே குடும்பம் அல்லாத ஐந்து பேரோ அதற்கு மேலோ சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்துகொள்ளும் வீட்டுக்கு இங்கிலாந்து முழுவதும் லைசென்ஸ் கட்டாயம். லைசென்ஸ் வாங்கியவர் கேஸ் சர்டிபிகேட்டை ஒவ்வொரு வருடமும் கவுன்சிலுக்குக் காட்ட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. லைசென்ஸே இல்லாமல் விட்டிருந்தால் அது தனிக் குற்றம். அதற்குத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்து, நீங்கள் கொடுத்த வாடகையில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். இதுவரை 12 மாத வாடகை உச்சவரம்பாக இருந்ததை 2025ஆம் ஆண்டு வாடகையாளர் உரிமைகள் சட்டம் 24 மாதமாக்குகிறது. கேஸ் சோதனை செய்யாததற்கு மட்டும் வாடகையைத் திரும்ப வாங்க முடியாது. லைசென்ஸ் இல்லாதது, சீரமைப்பு நோட்டீஸை மீறியது போன்ற குற்றங்களுக்குத்தான். கவுன்சில் இணையதளத்தில் உங்கள் முகவரியைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

கவுன்சில் வழியில் ஒரு கசப்பான பக்கமும் இருக்கிறது. பரிசோதனை நடப்பது வீட்டுக்காரருக்கும் தெரிந்துவிடும். நான்கு பேருக்கான வீட்டில் ஒன்பது பேர் இருந்தால் அதுவும் வெளியே வரும்; ஆட்களைக் குறைக்கச் சொன்னால் யாரோ சிலர் வேறு இடம் தேட வேண்டிவரும். நெரிசலான வீட்டில் இருப்பவர்கள் புகாருக்கு முன் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது நல்லது. வீட்டுப் பிரச்சினைகளுக்கு உதவும் ஷெல்டர் அமைப்பின் 0808 800 4444 என்ற இலவச எண்ணிலோ, இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸிலோ ஒரு வார்த்தை கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

ஆக, சர்டிபிகேட் மட்டும் இல்லை, வீட்டில் வேறு குறை தெரியவில்லை என்றால் எச்எஸ்இ. பழுது கண்ணுக்குத் தெரிகிறது, ஹீட்டிங் இல்லை, ஈரமும் பூஞ்சையும் சேர்ந்திருக்கிறது, லைசென்ஸ் சந்தேகம் என்றால் கவுன்சில். இரண்டு நிலையும் இருந்தால் இரண்டுக்கும் ஒரே நாளில் அனுப்பலாம். ஒன்று முடிந்துதான் இன்னொன்று என்று எங்கும் சொல்லவில்லை.

வெளியே போகச் சொல்லிவிடுவாரோ?

எல்லாத் தயக்கத்துக்கும் அடியில் இருப்பது இந்தப் பயம்தான். நேற்றுவரை அதற்கு அடிப்படையும் இருந்தது. காரணம் சொல்லாமலே இரண்டு மாத நோட்டீஸில் காலிசெய்ய வைக்கும் 21ஆம் பிரிவு வீட்டுக்காரர் கையில் இருந்தது. 2025 அக்டோபர் 27 அன்று அரச ஒப்புதல் பெற்ற வாடகையாளர் உரிமைகள் சட்டம் அந்தப் பிரிவை 2026 மே 1 முதல் இங்கிலாந்தின் தனியார் வாடகைக்கு நீக்குகிறது. வீட்டை விற்கப் போகிறேன் என்று சொல்லிக் காலிசெய்யச் சொல்லலாம். ஆனால் நான்கு மாத நோட்டீஸ் வேண்டும், குடிவந்த முதல் வருடத்துக்குள் அதைப் பயன்படுத்த முடியாது. பூட்டை மாற்றுவது, சாமானை வெளியே வைப்பது, மிரட்டுவது எல்லாம் 1977ஆம் ஆண்டு வெளியேற்றப் பாதுகாப்புச் சட்டப்படிக் குற்றம்.

இதோடு சேர்த்து, நம்மிடையே சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பழைய யோசனையையும் மறந்துவிட வேண்டும். சர்டிபிகேட் கொடுக்காத வீட்டுக்காரரால் நம்மை எழுப்ப முடியாது, ஆகவே கேட்காமல் இருப்பதே லாபம் என்பார்கள். அது 21ஆம் பிரிவு நோட்டீஸுக்கு மட்டும் இருந்த தடை. வாடகைப் பாக்கி போன்ற காரணம் காட்டும் 8ஆம் பிரிவு வழக்குக்குக் கேஸ் சர்டிபிகேட் ஒருபோதும் நிபந்தனையாக இருந்ததில்லை. லாபம் என்று நினைத்துச் சோதிக்காத பாய்லரோடு குழந்தைகளைத் தூங்க வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கோர்ட்

பழுது தெரிந்தும் மாதக்கணக்கில் சரிசெய்யாத வீட்டுக்காரருக்கு எதிராகக் கோர்ட் நல்ல வழி. 1985ஆம் ஆண்டு வீட்டுக்காரர்-வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவு ஹீட்டிங், சுடுதண்ணீர், கேஸ் குழாய்களைப் பழுதுபார்க்கும் கடமையை வீட்டுக்காரர்மேல் வைக்கிறது. 2019 மார்ச் 20இல் நடைமுறைக்கு வந்த இன்னொரு சட்டம், வீடு மனிதர் வாழத் தகுதியாக இருக்க வேண்டும் என்று சேர்த்தது. தகுதியை அளக்க கவுன்சில் பயன்படுத்தும் அதே 29 ஆபத்துகளைத்தான் கோர்ட்டும் பார்க்கும். வேலையைச் செய்யச் சொல்லி உத்தரவும் நஷ்டஈடும் இங்கே சேர்ந்தே கிடைக்கும்.

ஆனால் நேரம் எடுக்கும். முதலில் உரிமைகோரல் கடிதம், பதில் சொல்ல வீட்டுக்காரருக்கு 20 வேலை நாள், அப்புறம் நிபுணர் அறிக்கை. உடல்நலத்துக்குக் கடுமையான ஆபத்து என்றால், வருமானம் குறைந்தவர்களுக்கு வேலையைச் செய்யவைக்கும் வழக்குக்குச் சட்ட உதவி உண்டு. நஷ்டஈட்டுக்காக மட்டும் என்றால் கிடைக்காது. கவுன்சில் ஆபீசர் எழுதிய அறிக்கை கையில் இருந்தால் வழக்குப் பாதி வலுவாகிவிடும். அதனால் கவுன்சிலுக்குப் பின் கோர்ட் என்ற வரிசை இங்கே பொருத்தமாக இருக்கிறது.

வாடகையை நிறுத்திவைப்பது

கோபத்தில் முதலில் தோன்றும் வழி இதுதான். எல்லாவற்றிலும் மோசமானதும் இதுதான். வாடகைப் பாக்கி ஏறினால் காலிசெய்ய வைக்கும் வலுவான காரணத்தை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். புதிய சட்டப்படி மூன்று மாதப் பாக்கி சேர்ந்தால் நீதிபதிக்கே வேறு வழி இல்லை. வெளியேற்ற உத்தரவு போட்டாக வேண்டும். பாய்லர் ஆபத்தானது என்பது அந்த நேரத்தில் கைகொடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

நாமே சரிசெய்துவிட்டு வாடகையில் கழிப்பது இதிலிருந்து வேறுபட்டது. 1971ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றிலிருந்து அதற்கு இடமிருக்கிறது. ஆனால் 11ஆம் பிரிவுக்குள் வரும் பழுதாக இருக்க வேண்டும். முன்கூட்டியே எழுதி எச்சரித்து, மூன்று பேரிடம் எஸ்டிமேட் வாங்கி, அதையும் வீட்டுக்காரருக்கு அனுப்பி, அவகாசம் கொடுத்த பிறகுதான் செய்யலாம். வருடாந்தரச் சோதனை பழுதுபார்ப்பு அல்ல என்பதால் அதற்கு இந்த வழியை நம்ப வேண்டாம். ஆலோசனை கேட்காமல் ஒரு பவுண்டும் கழிக்காதீர்கள். மன நிம்மதிக்காகச் சொந்தக் காசில் ஒரு கேஸ் சேஃப் இன்ஜினியரை அழைத்துச் சோதிக்கலாம். ஆபத்து என்று அவர் எழுதிக் கொடுத்தால் கவுன்சிலுக்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

ரூம் எடுத்திருப்பவர்கள், கவுன்சில் வீட்டில் இருப்பவர்கள்

வீட்டுக்காரர் கீழே, நீங்கள் மாடி ரூமில் என்று ஒரே வீட்டில் இருந்தால் மேலே சொன்ன வெளியேற்றப் பாதுகாப்பில் பெரும்பகுதி உங்களுக்கு இல்லை. 11ஆம் பிரிவும் பெரும்பாலும் கைகொடுக்காது. நியாயமான நோட்டீஸ் கொடுத்து எழுப்பிவிடலாம். ஊரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் நிறையப் பேர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். இவர்களுக்குக் கேஸ் விதி மட்டும் முழுமையாகப் பொருந்துவதால் எச்எஸ்இதான் முதல் வழி. வேறு ரூம் பார்த்துப் போய்விடுவதும் தப்பில்லை; போன பிறகும் அந்தப் படிவத்தை நிரப்பலாம், அடுத்து வருபவரும் அதே பாய்லரோடுதான் இருக்கப்போகிறார்.

கவுன்சில் வீட்டில் இருப்பவர் அதே கவுன்சிலிடம் போய் நோட்டீஸ் கொடு என்று கேட்க முடியாது. முதலில் அவர்களின் புகார் முறை, அது தீரவில்லை என்றால் புகார்களை விசாரிக்கும் தனி அதிகாரியான வீட்டுவசதி ஒம்புட்ஸ்மன். கவுன்சில், ஹவுசிங் அசோசியேஷன் வீடுகளுக்கு 2025 அக்டோபர் 27 முதல் ஆவாப் சட்டம் வந்திருக்கிறது. ராச்டேலில் பூஞ்சை படிந்த வீட்டில் இருந்து 2020இல் இறந்துபோன இரண்டு வயதுக் குழந்தையின் பெயர் அது. அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் கவனித்தாக வேண்டும் என்கிறது. கேஸ் விஷயத்தில் போன் செய்யும்போது அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

எந்த வழியில் போனாலும் பதில் வருவதற்குச் சில நாட்கள் ஆகும். பாய்லர் போன்ற நிலையான கேஸ் சாதனம் உள்ள வாழும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் பொருத்துவது 2022 அக்டோபர் 1 முதல் வீட்டுக்காரரின் கடமை; கேஸ் குக்கருக்கு மட்டும் விலக்கு. அவர் வைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். கடையில் இருபது பவுண்டு அளவுக்குக் கிடைக்கும், பெட்டியில் இஎன் 50291 என்று போட்டிருப்பதாகப் பார்த்து இன்றே ஒன்று வாங்கி வையுங்கள்.